முதல் அழைப்பில் ஒரு டோஸ்டர்

மனித குலத்தின் தலைசிறந்த கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் சிலர் நெருப்பு என்பார்கள், சிலர் சக்கரம் என்பார்கள். விவரம் போதாதவர்கள். நெருப்பு சுடும், சக்கரம் ஏறிவிடும். யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாத கண்டுபிடிப்பு ஒன்றே ஒன்றுதான். அது, ஆள் வராத கூட்டம்.

அந்தப் பெருமை எங்கள் இத்தாலிக்கு உரியது. இங்கே ஒவ்வொரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் பொதுக்கூட்டம் உண்டு, ஒவ்வொரு கூட்டத்துக்கும் இரண்டு அழைப்புகள் உண்டு. முதல் அழைப்பு செல்லுபடியாக வேண்டுமானால் பெரும்பான்மையோர் வந்தாக வேண்டும். வந்தால் ஆபத்து. பேசுவார்கள், கேள்வி கேட்பார்கள், சமயத்தில் முடிவுகூட எடுத்துவிடுவார்கள். ஆகவே அனுபவம் பழுத்த நிர்வாகி முதல் அழைப்பை விடியற்காலை ஐந்து மணிக்கு வைப்பார். ஈ காக்கை எட்டிப் பார்க்காது. 'போதிய உறுப்பினர்கள் வருகை தராமையால்' என்று எழுதிவிட்டு, மறுநாள் மாலை இரண்டாம் அழைப்பில் வந்தவர்களை வைத்துக்கொண்டு, அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறிப்பார். திரியெஸ்தே நகரில் பல கட்டடங்களுக்கு நிர்வாகியாக இருக்கும் எஜீதியோ என்கிற நான், முதல் அழைப்புக்கு ஒருவரும் வராத சாதனையைக் கட்டிக்காத்து வருகிறேன்.

இப்பேர்ப்பட்டவன் வீட்டில் டோஸ்டர் எரிந்துபோனது.

எரிந்த விதமும் மரியாதையாக இல்லை. படீர் என்று ஒரு சத்தம், நீலமாக ஒரு பொறி, வீடே இருட்டு. எங்கள் வீட்டு மின் இணைப்பு ஒரு சமயத்தில் ஒரே ஒரு பெரிய சாமானைத்தான் தாங்கும். அந்த நேரத்தில் என் அம்மா யொலாந்தா தலைமுடி உலர்த்திக்கொண்டிருந்தாள். பாதித் தலை காய்ந்தும் பாதித் தலை சொட்டியும் அவள் கூடத்துக்கு வந்து நின்றாள். என் மாமனார் துய்லியோ, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், எங்களோடுதான் இருக்கிறார். அவர் நிலவறைக்கு இறங்கிப் போய் மீட்டரைத் தட்டிவிட்டு வந்தார்.

என் மனைவி நீவெஸ் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, வாட்டப்படாத ரொட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது மசக்கை. தண்ணீர் குடித்தால் வாந்தி, காப்பி வாசனை பட்டால் வாந்தி, என் சட்டையில் போட்ட கஞ்சியின் வாசனைக்குக்கூட வாந்தி. இத்தனைக்கும் அவளுக்கு வேலை, அத்தர் கடையில். வயிற்றில் தங்கியது உலகத்தில் ஒன்றுதான்: மொறுமொறுவென்று வாட்டிய வெறும் ரொட்டி.

"கடைக்குப் போய் ஒண்ணு வாங்கிட்டு வா எஜீதியோ" என்றாள்.

இந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை குளறுபடி என்று பாருங்கள். 'கடைக்கு' என்றால் எந்தக் கடைக்கு? 'ஒண்ணு' என்றால் எந்த ஒன்று? 'வாங்கிட்டு வா' என்று தீர்மானித்தது யார், எந்தக் கூட்டத்தில், எத்தனை வாக்குகளில்? சமையலறை பொதுச் சொத்து. பொதுச் சொத்தில் ஒரு தனிமனிதன் தன்னிச்சையாக டோஸ்டரைக் கொண்டுவந்து வைத்தால் அதற்குப் பெயர் சர்வாதிகாரம். அன்றைக்கே குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அறிவிப்பு ஒட்டினேன். இடம், சமையலறை. முதல் அழைப்பு, செவ்வாய் காலை ஐந்து மணி. இரண்டாம் அழைப்பு, புதன் மாலை ஏழு மணி.

வாக்குகளையும் முறைப்படி பங்கிட்டேன். வீடு அம்மா பேரில் இருப்பதால் அவளுக்குக் கணிசமான பங்கு. பதவியை முன்னிட்டு எனக்குக் கொஞ்சம். கூடத்தில் மடக்குக் கட்டிலில் படுப்பதால் மாமனாருக்கு ஒரு கட்டில் அளவு. நீவெஸுக்கும் சிறிது. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் சமையலறையில் நிற்கிறவளுக்கு இவ்வளவுதானா என்று மாமனார் கேட்டார். சட்டம் இடத்தைத்தான் அளக்கும், அதில் நிற்பவர்களை அளக்காது என்று விளக்கினேன்.

செவ்வாய்க்கிழமை முதல் அழைப்புக்கு, எதிர்பார்த்தபடி, யாரும் வரவில்லை. படுக்கையில் இருந்தபடியே அதைக் குறித்துக்கொண்டேன்.

புதன் மாலைக் கூட்டம் 'நமக்கு டோஸ்டர் தேவையா' என்ற அடிப்படைக் கேள்வியை எடுத்துக்கொண்டது. வாட்டிய ரொட்டியைத்தான் பாக்கெட்டில் போட்டு விற்கிறார்களே, அதைத் தின்றால் ஆகாதா என்றாள் அம்மா. அதன் இனிப்பு வாசனைக்கே குமட்டுகிறது என்றாள் நீவெஸ். முள்கரண்டியில் குத்தி அடுப்பில் காட்டலாம் என்றார் மாமனார். கேஸ் வாசனை என்று சொல்ல ஆரம்பித்த நீவெஸ், அதை நினைத்த மாத்திரத்திலேயே எழுந்து ஓடினாள். அவள் திரும்பி வருவதற்குள், டோஸ்டரின் தேவை 'கொள்கை அளவில்' ஏற்கப்பட்டது. கொள்கை அளவில் ஏற்பது என்பது நிர்வாகக் கலையின் சிகரம். ஏற்றுக்கொண்டதும் ஆயிற்று, செய்யாமல் விட்டதும் ஆயிற்று.

அடுத்த கூட்டத்தில் எந்த டோஸ்டர் என்ற கேள்வி. இதற்காக நான் ராப்பகலாக உழைத்திருந்தேன். இணையத்தில் டோஸ்டர் வாங்கியவர்கள் எழுதிய கருத்துகள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். மக்கள் மனத்தை அறிய இதைவிடச் சிறந்த வழி கிடையாது. ஒரு டோஸ்டருக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்த அம்மையார், பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை என்று எழுதியிருந்தார். அதே டோஸ்டருக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர், சாமான் அருமை, கொண்டுவந்த பையன் முறைத்தான் என்று எழுதியிருந்தார். இரண்டையும் கூட்டி வகுத்தால் மூன்று வந்தது. மூன்று நட்சத்திரத்தை நம்பி ஒரு குடும்பம் எப்படி இறங்கும்?

கைபேசியோடு பேசும் நவீன டோஸ்டர் ஒன்றையும் முன்வைத்தேன். ரொட்டி வாடியதும் அது நமக்குச் செய்தி அனுப்பும். நாம் ஊரில் எங்கே இருந்தாலும் தெரிந்துகொள்ளலாம்.

"ரொட்டி இங்க இருக்கும், நான் அங்க இருப்பேன். தெரிஞ்சு என்ன மாப்ளே செய்யறது?" என்றார் மாமனார்.

தொழில்நுட்பம் தெரியாதவர்களிடம் கோபப்படக் கூடாது. இரண்டு துளை போதுமா நான்கு துளை வேண்டுமா, அம்மா முடி உலர்த்தும் நேரத்தில் டோஸ்டர் ஓடலாமா, ஓடி மின்சாரம் போனால் நிலவறைக்கு இறங்குவது யார் பொறுப்பு என்ற கேள்விகள் எல்லாம் ஒரு துணைக்குழுவின் ஆய்வுக்கு விடப்பட்டன. துணைக்குழு என்பது நான். என்னுடைய கோரிக்கையின் பேரில் எனக்குக் கால அவகாசம் நீட்டித்துக் கொடுத்தேன்.

இதற்கிடையில் நீவெஸ் மெலிந்துகொண்டு வந்தாள். கல்யாண மோதிரம் கழன்று பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்தது. டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாராம். இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும், குழந்தைக்கும் நல்லதில்லை, எப்படியாவது காலையில் இரண்டு துண்டு ரொட்டி உள்ளே போகட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். நீவெஸ் இதை என்னிடம் சொன்னபோது நான் மிகவும் வருந்தினேன். மனப்பூர்வமாக வருந்தி, அதை அடுத்த கூட்டத்தில் 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பின் கீழ் சேர்த்தேன்.

அந்தக் கூட்டம் 'இதர விஷயங்கள்' வரை போய்ச் சேரவில்லை. வழியில் ஒரு பெரிய சட்டச் சிக்கல் குறுக்கிட்டது. கண்டுபிடித்தது நான்தான் என்பதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. வீட்டுக்கு ஒரு புது ஆள் வரப்போகிறது. அப்படியானால் பங்குகளை மறுபடியும் பிரிக்க வேண்டும். பிறக்காத பிள்ளைக்குப் பங்கு உண்டா? உண்டு என்றால் அதன் வாக்கைப் போடுவது யார்?

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிள்ளைக்கு வரப்போவது எங்கள் குடும்பப் பெயர், ஆகையால் அதன் ப்ராக்ஸி தனக்கே சேரும் என்றாள். பிள்ளை இப்போது குடியிருப்பது தன் மகளிடம், குடியிருப்பு முகவரியைத்தானே பார்க்க வேண்டும் என்றார் மாமனார். பிள்ளை யார் ஜாடை என்று பேச்சு தாவியது. மூக்கு பற்றி அம்மா ஒன்று சொன்னாள், காது பற்றி மாமனார் ஒன்று சொன்னார். நீவெஸ் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினாள். அவள் போனதால் எண்ணிக்கை குறைந்து, கூட்டத்தில் கோரம் இல்லை என்று அறிவித்தேன். திரும்பி வந்து என்னைப் பார்த்தாளே, அந்தப் பார்வையில்தான் கோரம் இருந்தது.

மறுபடியும் குளிர்சாதனப் பெட்டியில் அறிவிப்பு. மறுபடியும் முதல் அழைப்பு செவ்வாய் காலை ஐந்து மணி, இரண்டாவது புதன் மாலை. செவ்வாய்க்கிழமை நன்றாகத் தூங்கினேன். அன்று போரா காற்று ஊரையே புரட்டிப் போட்டதாகச் சொன்னார்கள், எனக்குத் தெரியாது. எழுந்து, குளித்து, 'போதிய உறுப்பினர்கள் வருகை தராமையால்' என்று எழுதிவிட்டு வேலைக்குப் போனேன்.

புதன்கிழமை காலை என்னை எழுப்பியது ஒரு வாசனை. ரொட்டி வாடும் வாசனை.

சமையலறையில் மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு டோஸ்டர். இரண்டு துளை, ஒரு பிடி, பக்கவாட்டில் ஒரு திருகு. கைபேசியோடு பேசாது, நட்சத்திரம் எத்தனை என்றும் யாருக்கும் தெரியாது. நீவெஸ் ஒரு துண்டை முடித்துவிட்டு அடுத்ததைக் கடித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் துளி நிறம் ஏறியிருந்தது. அம்மா தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தாள்; முடி உலர்த்துவதைத் தள்ளிப்போட்டிருக்கிறாள் என்று புரிந்தது. இந்தச் சலுகையை என் வாழ்நாளில் அவள் எனக்குத் தந்ததில்லை.

இது யார் உத்தரவு என்று கேட்டேன்.

"கூட்டத்தோட முடிவு" என்றாள் நீவெஸ். "முதல் அழைப்பு. நேத்து காலைல அஞ்சு மணி, சமையலறை. நீதானே நோட்டீஸ் ஒட்டின?"

முதல் அழைப்புக்கு யாரும் வரமாட்டார்கள், வரவும் கூடாது, அதுதான் அதன் தாத்பரியம் என்று சொல்லத் தொடங்கினேன். அவள் ரொட்டியை மென்று விழுங்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

"நாங்க எங்கேர்ந்தும் வரல. தினமும் அஞ்சு மணிக்கு இங்கதான் இருக்கோம். நான் தொட்டியில குனிஞ்சு வாந்தி எடுப்பேன், அத்தை என் முடியப் பிடிச்சுக்குவாங்க, அப்பா பின்னாடி துடைச்சு விடுவாரு. முதல் கூட்டத்துலேர்ந்து உன் முதல் அழைப்பு எல்லாத்துக்கும் நாங்க மூணு பேரும் வந்திருக்கோம். நீ மட்டும்தான் வரல."

அம்மாவைப் பார்த்தேன். அவள் எனக்காக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரு துண்டில் ஜாம் தடவிக்கொண்டிருந்தாள்.

"உன் மாமனார்தான் நோட்டீஸ சத்தமா படிச்சாருப்பா. அட, நாமதான் இருக்கோமேன்னாரு. கை தூக்கினோம். கடை திறந்ததும் அவரே போய் வாங்கிட்டு வந்துட்டாரு" என்றாள்.

மூவருமே சேர்ந்தால் பெரும்பான்மை என்பது கணக்கில் சரிதான். ஆனால் நான் அசந்துவிடவில்லை. குழந்தையின் ப்ராக்ஸி விஷயம் தீராத நிலையில் வாக்கெடுப்பு எப்படிச் செல்லும் என்று மடக்கினேன்.

"குழந்தைக்கு ப்ராக்ஸி எதுக்கு?" என்றாள் நீவெஸ். "அது நேர்லயே வந்திருந்துச்சு."

மாமனார் இருமினார். சிரிப்பை மறைக்கத்தான் என்று நினைக்கிறேன். நான் வேறு வழியில்லாமல், மூன்று விலைப்புள்ளிகள் வாங்கப்படவில்லை, துணைக்குழுவின் அறிக்கை பெறப்படவில்லை, தலைவர் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்று ஆட்சேபங்களை ஒவ்வொன்றாக அடுக்கினேன். யாரும் குறுக்கே பேசவில்லை. டோஸ்டர் மட்டும் இரண்டு துண்டுகளை மேலே தள்ளியது. நீவெஸ் அவற்றை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

"எனக்கு வலி எடுக்கறப்பவும் இப்படித்தான் வருவியா எஜீதியோ? பிரசவத்துக்கு இரண்டாம் அழைப்பு கிடையாது."

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. மாமனார் கழுவ ஒன்றுமில்லாத தொட்டியைக் கழுவப் போனார்.

அவள் சொன்னதில் உணர்ச்சி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உணர்ச்சியை வைத்துக்கொண்டு ஒரு சமையலறையை நிர்வகிக்க முடியுமா? அந்தக் கூட்டம் செல்லாது என்று அன்றைக்கே சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன், கேட்கும் நீங்களே நியாயம் சொல்லுங்கள். நான் இல்லாத நேரம் பார்த்துக் கூடி முடிவெடுத்திருக்கிறார்கள். நான் மட்டும் அங்கே இருந்திருந்தால் அவள் வயிற்றுக்குள் அந்த ரொட்டி போயிருக்கவே முடியாது.