கிளட்ச் வாத்தியாரும் அறுந்த டைமிங் பெல்ட்டும்

"என் வண்டியில வேற எவன் கை பட்டாலும், மீசையை எடுத்துடறேன்!" என்று கிளட்ச் வாத்தியார் சபதம் செய்தபோது அவருக்கு மீசையே இல்லை. அது அவருக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும். ஆனாலும் சபதத்துக்கு ஒரு கம்பீரம் வேண்டுமே!

டிரைவிங் ஸ்கூலில் முப்பது வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். "கிளட்ச்! கிளட்ச்!" என்று கத்திக் கத்தியே அந்தப் பட்டம் வந்தது. ஊரில் பாதிப் பேரை ஓட்டவைத்தவர், வீட்டுக்காரியை மட்டும் ஸ்டியரிங் பக்கம் விட்டதில்லை. "சமையல்கட்டுலயே நாலு சுவரையும் இடிக்கிறவ நீ" என்பது அவர் கண்டுபிடித்த காரணம்.

போன வாரம் கடைத்தெருவில் அவருடைய இருபது வயசுக் காரின் டைமிங் பெல்ட் அறுந்துவிட்டது. எஞ்சினின் மேல் சக்கரத்தையும் கீழ்ச் சக்கரத்தையும் ஒரே தாளத்தில் சுற்றவைக்கும் பல் வைத்த ரப்பர் பட்டை அது. நல்லவேளை, பட்டை போனாலும் உள்ளே எதுவும் உடையாத ரகத்து எஞ்சின். நாலு பேர் தள்ளிவந்து வீட்டு வாசலில் விட்டார்கள்.

மெக்கானிக்கை அவர் கூப்பிடாததற்குக் காரணம் மீசை அல்ல, கண். "விழித்திரையோட நடுப்பகுதி தேய்ஞ்சுக்கிட்டே வருது. இனிமே வண்டி ஓட்டாதீங்க" என்று டாக்டர் சொல்லி மூன்று மாதமாகிறது. வாத்தியார் வீட்டில் மூச்சுவிடவில்லை. இப்போது தன்னோடு தானே ஒரு பந்தயம் கட்டிக்கொண்டார். பெல்ட்டை மாட்டும் முன், சக்கரங்களில் உள்ள பொடிக் கோடுகளை எஞ்சினில் உள்ள கோடுகளோடு நேராக வைக்க வேண்டும். ஒரு பல் பிசகினாலும் வண்டி சண்டித்தனம் பண்ணும். அதை ஒண்டி ஆளாகப் பார்த்து மாட்டிவிட்டால், கண் கெட்டது டாக்டருக்குத்தான்!

காலையிலேயே பேட்டரி இணைப்பை எடுத்தார். முன் டயரைக் கழற்றினார். பெல்ட் மூடியைக் கழற்றினார். போல்ட் அளவுகளை விரல் நுனியே சொல்லிற்று. பழைய பெல்ட்டை உருவிப் போட்டுவிட்டுக் கோட்டைத் தேடினார்.

நேராகப் பார்த்தால் புகை. பக்கத்துச் சுவரைப் பார்த்தால் கோடு ஓரத்தில் வந்து நின்றது. திரும்பினால், வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி ஓடி ஒளிந்தது. அரை மணி நேரம் கண்ணாமூச்சி. புறங்கையால் கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் கிரீஸ்.

"ஏம்மா, இங்க வா. முதுகு பிடிச்சுக்கிச்சு. இந்தக் கோடு ரெண்டும் நேரா இருக்கான்னு பாரு."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தாள்.

"இல்லீங்க. நம்மள மாதிரி, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கிட்டு நிக்குது."

"வேடிக்கை பேசாத. எவ்வளவு தள்ளியிருக்கு?"

"ஒரு அரிசி."

ஸ்பானரால் சக்கரத்தை மெல்ல அசைத்தார். "இப்ப?"

"அரை அரிசி."

"இப்ப?"

"ராசியாயிடுச்சு."

கீழ்ச் சக்கரத்தையும் அப்படியே ராசி பண்ணி, புது பெல்ட்டை மாட்டி இறுக்கினார். கையாலேயே எஞ்சினை இரண்டு முழுச் சுற்று சுற்றினார். அவள் மறுபடி பார்த்தாள். இரண்டும் நேர்.

"முதுகு பிடிச்சுக்கிச்சுன்னீங்க. இவ்வளவு நேரம் குனிஞ்சுதானே இருக்கீங்க?"

"குனியற முதுகு நல்லாத்தான் இருக்கு. பார்க்கிற முதுகுதான்..." என்று உளறி நிறுத்தினார்.

அவள் சிரிக்கவில்லை.

"தெரியுங்க. மூணு மாசமா. கண் ஆஸ்பத்திரி நர்ஸம்மா உங்ககிட்ட கார் கத்துக்கிட்டவங்கதானே? 'சார் இன்னமும் வண்டி எடுக்கறாரா'ன்னு பதறிப்போய்க் கேட்டாங்க. உப்பைச் சதுர டப்பாவுக்கு மாத்தினது எதுக்குன்னு நினைச்சீங்க? தடவினாலே தெரியட்டும்னுதான்."

"ஏன் கேட்கல?"

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்."

"சொன்னா சாவியை வாங்கிடுவே."

"வாங்கிடுவேன்தான்."

வாத்தியார் ஸ்பானரைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரிஞ்ச வித்தை இது ஒண்ணுதாம்மா" என்றார். அவள் துணியை எடுத்து அவர் கன்னத்துக் கிரீஸைத் துடைத்தாள். அவர் முகத்தைக் காட்டிக்கொண்டு குழந்தை மாதிரி நின்றார்.

மூடியும் டயரும் ஏறின. பேட்டரியை மாட்டிவிட்டுக் கதவுப் பக்கம் திரும்புவதற்குள் அவள் ஸ்டியரிங்கின் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். சாவியைத் திருப்பினாள். எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்தது.

"சரி, இறங்கு."

"நீங்க அந்தப் பக்கமா ஏறுங்க. லைசென்ஸ் வாங்கிட்டேன். நர்ஸம்மாதான் கத்துக்குடுத்தாங்க."

"அப்ப தையல் வகுப்புக்குப் போறேன்னு சொன்னது? அதான் மூணு மாசமா ஒரு தலையணை உறைகூட வரலையா!"

"ஊசி எங்க கோத்தேன்? கியர்தான் போட்டேன்."

சொந்தக் காரில் வாத்தியார் அந்தப் பக்கம் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. அவள் கிளட்சை விட்ட விதத்தில் ஒரு குலுக்கலும் இல்லை. கத்தத் திறந்த வாயை மூடிக்கொண்டார். முன்னால் வெயிலும் புகையும்தான் தெரிந்தன. தெருமுனையில் ஏதோ நிழல் குறுக்கே ஓட, அவருடைய வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. டிரைவிங் ஸ்கூல் காரில், அந்த இடத்தில், வாத்தியாருக்கென்று தனியாக ஒன்று உண்டு. மறுபடி மிதித்தார்.

அவள் நிதானமாக வேகத்தைக் குறைத்து, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"என்னங்க, அங்க பிரேக் இல்லீங்க."