ஃபுட்நோட் அங்கிளும் நான் போட்ட தேதியும்

அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை, எழுதிய நீதிபதிகளைவிட அதிகத் தடவை படித்தவர் எங்கள் ஹூஸ்டன் அபார்ட்மென்டின் ஃபுட்நோட் அங்கிள்தான். இதை மறுப்பவர்கள் அவர் எதிரே பத்து நிமிடம் உட்கார்ந்ததில்லை.

ஓய்வு பெற்ற பொறியாளர். ஜூன் மாதத்தில் தீர்ப்பு வரும் நாட்களில் குளித்து, விபூதி இட்டு, பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர்போல லேப்டாப் முன் அமர்வார். முதலில் அடிக்குறிப்புகள், அடுத்து கடைசிப் பக்கம், பிறகுதான் மற்றதெல்லாம்.

ஒருமுறை ஹில்கிராஃப்ட் மளிகைக் கடையில், தயிர் டப்பாவில் தேதி இல்லை என்று ஒருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அங்கிள் நடுவே புகுந்தார்.

"சார், இது ஃபெடரலா, ஸ்டேட்டா? மொதல்ல அதைச் சொல்லுங்க."

"தயிர் சார்!"

"தயிர்தான். யாரோட அதிகாரம்னு கேக்கறேன்."

வரிசையில் நின்ற என் கையில் ஐஸ்கிரீம் பாயசமாகிவிட்டது.

நீச்சல் குளத்தை எட்டு மணிக்கே மூடலாம் என்று ஓட்டெடுத்தபோது எதிர்த்தவர் அவர் ஒருவர்தான். மறுநாள் ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் அவருடைய மாறுபட்ட தீர்ப்பு, அவர் பாஷையில் 'டிசென்ட்', பன்னிரண்டு பக்கம். அவருக்கு நீச்சல் தெரியாது.

எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு நான் அட்மின். எதற்கும் தேதி குறித்துவைப்பவன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவே அவர் நூறு பக்கத் தீர்ப்புகளாகப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லாமல் அவரை நீக்கினேன். பலர் கைதட்டினார்கள். அந்தத் தேதியையும் குறித்துக்கொண்டேன்.

பத்தே நாள். 2025 ஜூன் 27, வெள்ளிக்கிழமை. விசாவில் இருப்பவர்களுக்கு இங்கே பிறக்கும் குழந்தைகளுக்குக் குடியுரிமை இல்லை என்ற அதிபரின் உத்தரவைக் கீழ் நீதிமன்றங்கள் நாடு முழுவதும் தடுத்து வைத்திருந்தன. வழக்குப் போடாதவர்களையும் காக்கும்படி அப்படித் தடை போடக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். நியூ ஜெர்சி வழக்குப் போட்ட மாநிலம். டெக்சாஸ் போடவில்லை.

தலைப்புச் செய்தியை மட்டும் படித்துவிட்டுக் குழுவில் எழுதினேன்: "டெக்சாஸில் பிறக்கும் நம் குழந்தைகளுக்கு இனி குடியுரிமை இல்லை. இன்று முதல்." 'இன்று முதல்' எந்தச் செய்தியிலும் இல்லை. தேதி இல்லாமல் எழுதக் கை வரவில்லை, நானே சேர்த்தேன்.

கீழ்வீட்டு திவ்யாவுக்கு இரண்டு வாரத்தில் பிரசவம். கணவன் கார்த்திக் விசாவில் வேலை பார்ப்பவன். மதியத்துக்குள் காரில் பெட்டிகள் ஏறின. நியூ ஜெர்சியில் அண்ணன் வீடு. ஒரு நாளுக்கு மேல் ஓட்ட வேண்டிய தூரம். அந்த நிலையில் திவ்யாவால் சீட் பெல்ட்கூடப் போட முடியவில்லை. ஐஸ் பாக்ஸைத் தூக்கி வைத்தவன் நான்.

பெட்டிகள் ஏறுவதை ஜன்னலில் பார்த்துவிட்டு, அரைக்கால் சட்டையும் ஒரு கட்டுக் காகிதமுமாக அங்கிள் ஓடி வந்தார்.

"கார்த்திக், இன்ஜினை ஆஃப் பண்ணுப்பா. எங்க போறீங்க?"

"நியூ ஜெர்சி, அங்கிள். இன்னிலேர்ந்து இங்க சிட்டிசன்ஷிப் கிடையாதாமே?"

"யார் சொன்னா? மெயின் தீர்ப்போட கடைசிப் பக்கம், இதோ பாரு. முப்பது நாளுக்கு அந்த உத்தரவு நடைமுறைக்கு வராது. அதுக்கப்புறம் என்ன ஆகும்னு எனக்கும் தெரியாது, கேஸ் இன்னும் முடியல. ஆனா உனக்கு ரெண்டு வாரம்தானேம்மா?"

திவ்யா அழுதுகொண்டே இறங்கினாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஐஸ் பாக்ஸை இறக்கும் சாக்கில் டிக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

பத்தாம் நாள், ஹூஸ்டனிலேயே, பெண் குழந்தை பிறந்தது. அன்று மாலை அங்கிள் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"உக்காருங்க சார். நீங்க என்னை நீக்கினதுக்கு ஒரு டிசென்ட் எழுதி வெச்சிருக்கேன்" என்று நான்கு பக்கம் நீட்டினார். காது சுட, கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அடியில் பொடி எழுத்தில் ஒரே ஒரு குறிப்பு: "அட்மின் நல்ல மனிதர். அவர் வந்தால் காபி கொடுக்கவும்."

காபி ஏற்கெனவே கலந்து வைத்திருந்தார். தேதி குறித்துக்கொள்ள மறந்துபோனேன்.