டெஸ்டிங் எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும்

கோவில்பட்டியில் தொலைந்துபோன எதையும், ஆளோ ஆடோ, அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துக் கொடுக்க டெஸ்டிங்கை விட்டால் ஆள் கிடையாது. இப்போது அவனையே காணோம். ஏழு வருடமாகத் தேடுகிறேன்.

போன ஞாயிறு ஹாக்கி மைதானத்தில் உட்கார்ந்திருந்தேன். "சிவப்புச் சட்டை அணிந்த குழந்தையின் பெற்றோர் எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும்" என்று ஒலிபெருக்கிக் குழாய் அலறியது. அந்த நொடியில்தான் எனக்கு யோசனை உதித்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

டெஸ்டிங் மைக் செட் கடையில் வேலை பார்த்தான். மேட்ச் தொடங்கிய பிறகும் "ஒன் டூ த்ரீ" சொல்லிக்கொண்டிருந்ததால் அந்தப் பெயர். வீட்டில் வைத்த பெயரை நான் கேட்டதே இல்லை. அதுதான் இப்போது வினை.

காணாமல்போன குழந்தை கிடைத்தால் அவன் அறிவிப்பு இப்படி இருக்கும்: "மூக்கு ஒழுகுது. கையில பாதிக் கடலைமிட்டாய் இருக்கு. மீதியை நான் தின்னுட்டேன். பெத்தவிய சீக்கிரம் வாங்க, இதுவும் தங்காது!"

ஒருநாள் மேட்ச் நடக்கும்போது புதூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் மேடைக்கு வந்தார். "எம் மவன் பம்பாய்க்குப் போயி ரெண்டு வருசமாச்சுய்யா. ஒரு கடுதாசி இல்ல. கூப்பிட்டுப் பாரேன்."

மேடையில் இருந்த போட்டிக் கமிட்டிக்காரர் சிரித்தார். "ஏம்மா, பம்பாய்க்குக் கேக்குமா இது?"

டெஸ்டிங் சிரிக்கவில்லை. கம்பத்தில் ஏறி ஒரு குழாயை வடக்கே திருப்பிக் கட்டினான். "புதூர் ஆறுமுகம், எங்கன இருந்தாலும் ஒங்க அம்மைக்கு ஒரு கார்டு போடணும். இங்கன அழுதுக்கிட்டு நிக்காவ."

மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்தவர்களில் ஒருவன் பம்பாயிலிருந்து லீவுக்கு வந்தவன். ஆறுமுகத்துக்குப் பக்கத்து அறைக்காரன். இருபதாம் நாள் கார்டு வந்துவிட்டது.

"பாத்தியாலே, பம்பாய்க்குக் கேக்குது!" என்றான் டெஸ்டிங். நான் எவ்வளவு விளக்கியும் ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த வருடம் செமி ஃபைனல். அப்பாவுக்குத் தெரியாமல் போயிருந்தேன். நண்பனைப் பார்த்த சந்தோஷம் டெஸ்டிங்குக்குத் தாங்கவில்லை. "காலேஜுக்கு மட்டம் போட்டுட்டு, கெழக்கு கேலரியில மூணாவது வரிசையில முறுக்கு திங்கிற நம்ம சேகரு, எங்கன இருந்தாலும் மேடைக்கு வரணும்!"

மேற்கு கேலரியில் அப்பா இருந்தார். நடுவில் மேட்ச் நடப்பதையும் பொருட்படுத்தாமல் மைதானத்தின் குறுக்கே நடந்து வந்தார். ரெஃப்ரி விசிலடித்தார். முறுக்கு ஒருபுறம், நான் ஒருபுறம்.

ஒரு மாதம் டெஸ்டிங்கோடு பேசவில்லை. ஒரு மத்தியானம் எங்கள் தெருவுக்குள் குழாய் கட்டிய ஆட்டோ நுழைந்தது. "சேகரு, நான் செஞ்சது தப்புதாம்லே. வெளிய வா. நாளைக்கு ஊரைவிட்டுப் போறேன்."

தெருவே ஜன்னலைத் திறந்தது. நான் சாத்தினேன். புளுகுகிறான் என்று நினைத்தேன். போகவே போய்விட்டான் என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது.

அவன் பெயரைக் கேட்டு மைக் செட் முதலாளியிடம் போனேன். "பேரா? எங்க நோட்டுலயும் டெஸ்டிங்குன்னுதாம்ப்பா இருக்கு." புதியம்புத்தூர் தையல் கம்பெனி ஒன்றில் துப்புக் கிடைத்தது. "ஆமா அண்ணாச்சி, ஆறு மாசம் இருந்தான். டீ வந்தா ஊருக்கே கேக்க கத்துவான். பொறவு எங்க போனான்னு தெரியல." அங்கேயும் அவன் டெஸ்டிங்தான். இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்து அந்தப் பெயரையே அடித்துப் பார்த்தேன். ரத்தப் பரிசோதனை நிலையங்களாக வந்து விழுந்தன.

ஆக, அவன் வழிதான் வழி. வரும் ஞாயிறு ஃபைனல். கமிட்டிக்காரரிடம் ஒரு நிமிடம் மைக் கேட்டிருக்கிறேன். அதே மனிதர், இந்த முறை சிரிக்கவில்லை. "எந்த ஊருக்குப்பா கேக்கணும்?" என்று மட்டும் கேட்டார். தெரியாததால் நான்கு குழாய்களையும் நான்கு திசைக்குக் கட்டச் சொல்லியிருக்கிறேன். சிரிக்கிறவர்களில் ஒருவனுக்காவது அவனைத் தெரியாமலா போகும்?

பேசப்போவதைத் தாளில் எழுதியும் வைத்துவிட்டேன்.

"ஏலே டெஸ்டிங், எங்கன இருந்தாலும் வா. நம்ம வீட்டு ஜன்னல் தொறந்துதாம்லே கெடக்கு."