மூன்றாவது மீட்டர்

“மீட்டர் பதினாறு காட்டுதுடா” என்றான் ராஜவேலு.

போனின் அந்தப் பக்கம் விக்கி உச்சுக்கொட்டினான். பொன்னேரியில் கார் பட்டறை வைத்திருப்பவன், எதையும் சிரித்துக்கொண்டே சொல்பவன். அவனே உச்சுக்கொட்டினால் சேதி நல்லதில்லை என்று அர்த்தம்.

“வண்டி சும்மா நின்னுக்கினு இஞ்சின் மட்டும் ஓடும்போது பதினாலே முக்கால் பக்கத்துல காட்டணும்ண்ணா. பதினாறுன்னா காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி. இப்பிடியே மிதிச்சீங்கன்னா பிஸ்டன் உருகிடும்.”

“உருகிடுமா?”

“மெழுகுவத்தி மாதிரி.”

ராஜவேலு ஸ்டீயரிங்கில் நெற்றியைச் சாய்த்தான். மீஞ்சூர் கம்பெனியில் இரவு ஷிஃப்ட் முடித்து, ரயில் பிடித்து, பஸ்ஸில் நின்றுகொண்டே பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கும் கோட்டைக்குப்பம் வந்து சேர்ந்து இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சொந்தக் கார் வாசலில் நிற்க, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற ஒரே ஆள் அந்தக் குப்பத்தில் அவன்தான்.

அந்தச் சிவப்புக் காரைப் பழசாக வாங்கி, ஓவர்டைமில் வந்ததையெல்லாம் அதற்குள் கொட்டி, இஞ்சினுக்கு வேகம் கூட்டும் டர்போ மாட்டி, விக்கியை விட்டு டியூன் செய்திருந்தான். அண்ணன் தம்பிகளோடு அவனுக்கும் படகில் பங்கு உண்டு, வலையில் பங்கு உண்டு, வீட்டுச் சுவரில்கூடப் பங்கு உண்டு. யாருக்கும் பங்கில்லாமல் அவனுக்கே அவனுக்கு என்று இருந்தது அந்தக் கார் ஒன்றுதான்.

டியூன் செய்த கையோடு விக்கி ஒரு குண்டைப் போட்டான். நல்ல மீட்டர் ஒன்று மாட்டி, உள்ளே காற்றும் பெட்ரோலும் சரியாகக் கலக்கிறதா என்று பார்க்காமல் காரை எடுக்கவே கூடாதாம். சைலன்சர் குழாயில் சொருகிய சென்சார் புகையை மோந்து பார்த்து எண்ணைச் சொல்லுமாம்.

எந்த மீட்டரை நம்பி வாங்கலாம் என்று கார்ப் பைத்தியங்களின் வாட்ஸ்அப் குழுவில் ராஜவேலு கேட்டான். கேட்டிருக்கவே கூடாது. ஒருவன் சிபாரிசு செய்ததை இன்னொருவன் குப்பை என்றான். அந்த இன்னொருவனின் மீட்டர் மழைக்காலத்தில் தூங்கிவிடும் என்றான் மூன்றாமவன். பிறகு மூவரும் மீட்டரை விட்டுவிட்டு ஒருவரையொருவர் திட்ட ஆரம்பித்தார்கள். ராஜவேலு கண்ணை மூடிக்கொண்டு இருப்பதிலேயே மலிவானதை வாங்கினான்.

“மாட்டறதுக்கு முன்னால சென்சாரைச் சுத்தமான காத்துல தொங்கவிட்டுக் கரன்ட் குடுக்கணும்ண்ணா” என்று விக்கி சொல்லியிருந்தான். “சுத்தமான காத்துன்னா இதுதான்னு அது கணக்கா வச்சுக்கும், வச்சு முடிச்சா பச்சை லைட்டு எரியும். என் பட்டறைல வேணாம், ஒரே புகை. உங்க ஊர் ஏரிக்காத்து மாதிரி வருமா? அங்கயே பண்ணிடுங்க.”

ராஜவேலுவுக்குப் பெருமை தாங்கவில்லை. வலை காயப்போடும் கொம்பில் சென்சாரைக் கட்டித் தொங்கவிட்டு, பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்தான். வாசலில் நின்று பார்த்த மாமியார் கஸ்தூரியம்மாள் மெல்ல இருமினார்.

கஸ்தூரியம்மாள் மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசமாட்டார். அது மரியாதை. மாப்பிள்ளை இரண்டடி தள்ளி நின்றாலும் மகளிடம்தான் சொல்வார்.

“பவித்ரா, புது சாமானுக்கு ஒரு சாம்பிராணி காட்டச் சொல்லுடி உங்க ஊட்டுக்காரரை. புது வலைய நம்மூர்ல யாரு அப்பிடியே தண்ணில எறக்கறாங்க?”

“இது இன்னா வலையா?” என்று ராஜவேலு பவித்ராவிடம் எரிந்து விழுந்தான். “பச்சை லைட்டு எரியற வரைக்கும் எவனும் இதைத் தொடக்கூடாது. சொல்லிட்டேன்!” என்றுவிட்டு டீக்கடைக்குப் போனான். திரும்பி வந்தபோது பச்சை எரிந்தது. மாட்டிவிட்டு இரவு ஷிஃப்டுக்கு ஓடினான். அதுதான் இப்போது பதினாறு காட்டுகிறது.

விக்கி நேரில் வந்து, காரில் லேப்டாப்பைச் செருகிப் பெட்ரோலைக் கூட்டினான். எண் பதினாலே முக்காலுக்கு இறங்கியது. ராஜவேலு பெருமூச்சு விட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தான். பின்னால் கரும்புகை கக்கியது. கார் முன்னால் போவதற்குப் பதிலாக முக்கியது.

“யோவ் ராஜவேலு!” என்று கத்திக்கொண்டு வந்தாள் எதிர்வீட்டு ஆரோக்கியமேரி. காயப்போட்ட கருவாட்டில் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். “இது நெத்திலியா கரித்துண்டா, நீயே சொல்லு!”

விக்கி தலையைச் சொறிந்தான். “புகையைப் பாத்தா பெட்ரோல் ஜாஸ்தி மாதிரி கீது. மீட்டரைப் பாத்தா சரியா கீது. மலிவு மீட்டருண்ணா, நம்ப முடியாது. கொஞ்சம் நல்லதா வாங்குங்க.”

கொஞ்சம் நல்லது வந்தது. மறுபடி கொம்பு, மறுபடி ஒயர், மறுபடி “எவனும் தொடக்கூடாது”, மறுபடி டீக்கடை. காரின் பெட்ரோலை விக்கி குறைக்கவே இல்லை. அப்படியிருந்தும் இந்த மீட்டர் பதினாறரை காட்டியது.

“இன்னும் பெட்ரோல் கேக்குதேண்ணா!”

கூட்டினார்கள். இப்போது கரும்புகையோடு பெட்ரோல் நாற்றமும் சேர்ந்துகொண்டது. ஆரோக்கியமேரி கருவாட்டை மாதா கோயில் பக்கம் கொண்டுபோய்க் காயப்போட்டாள், போகிற வழியெல்லாம் திட்டிக்கொண்டே.

மூன்றாவது மீட்டருக்கு போனஸ் முழுவதும் போனது. வாட்ஸ்அப் குழுவே சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட மீட்டர் அது. பொய் சொல்லாதாம். ராஜவேலு அதைக் கொம்பில் தொங்கவிட்டு, முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். டீக்கடையில் இரண்டு டீ குடித்தான். இரண்டுமே கசந்தன. திரும்பி வரும்போது கஸ்தூரியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்குள் போனார். பச்சை எரிந்தது.

மாட்டிச் சாவியைத் திருப்பினான்.

பதினெட்டு.

விக்கி மீட்டரை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தான். “ஒண்ணு பொய் சொல்லலாம். மூணுமா சொல்லும்? இவ்ளோ பெட்ரோல் ஊத்தியும் பத்தலன்னா மீட்டர்ல கோளாறு இல்லண்ணா. இஞ்சின்லதான். அந்தக் கரும்புகையும் பெட்ரோல் உள்ள சரியா எரியாம வர்ற புகையா இருக்கும்.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “ரொம்ப நாள் தாங்காது.”

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் சொல்வதைக் கேட்பதுபோல ராஜவேலு கேட்டுக்கொண்டான். இஞ்சினைப் பிரித்துச் சரிசெய்ய அவனிடம் எதுவும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் மீட்டர்கள் தின்றுவிட்டன.

பழவேற்காட்டு இறால் வியாபாரி கோதண்டம் மறுநாளே மோப்பம் பிடித்து வந்துவிட்டார்.

“டர்போ கிர்போவெல்லாம் கழட்டிக் கடாசிட்டு, பின்சீட்டைப் பேத்துட்டா ஐஸ் பெட்டி வைக்கலாம். குடுக்கிறியாப்பா?”

“ஐஸ் பெட்டியா?”

“பின்ன? இறாலை மடியிலயா வச்சுக்கினு போறது?”

ராஜவேலு பின்சீட்டைப் பார்த்தான். அதன் பிளாஸ்டிக் உறையை அவன் இன்னும் பிரிக்கவே இல்லை. தன் கையில் செத்துப்போவதைவிட யார் கையிலாவது இறால் சுமந்துகொண்டு உயிரோடு இருக்கட்டும் என்று சாவியைக் கொடுத்தான். கோதண்டம் கொடுத்ததை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. கார் கரும்புகை விட்டுக்கொண்டே தெருமுனை திரும்பியது. அந்தப் புகையையும் கலைகிறவரை நின்று பார்த்தான்.

“உள்ள வாங்க, ரெண்டு வாய் சாப்பிடுங்க” என்றாள் பவித்ரா.

“பசிக்கல.”

“ஒரு காருதானே, போனா போவுது.”

“ஒரு காருதான்” என்றான் அவன்.

அடுத்த வெள்ளிக்கிழமை விக்கி போன் செய்தான். ராஜவேலுவுக்கு போனைக் காதில் வைக்கவே தெம்பில்லை. படுத்தபடியே ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தான்.

“அண்ணா, உக்காந்துக்கினு கீறீங்களா? கோதண்டம் வண்டியை எங்கிட்டதான் கொண்டாந்தாரு. சும்மா பாக்கலாமேன்னு பெட்ரோலைப் பழைய அளவுக்கே வச்சு ஓட்டினேன். அப்பப்பா, இன்னா ஓட்டம்! புகையே இல்ல. அந்தாளு டர்போவைக் கழட்டவேணாம்னுட்டாரு. ஐஸ் பெட்டியும் வேணாமாம், அவரே ஓட்டப் போறாராம்.”

“இஞ்சின்?”

“தங்கம்ண்ணா. மொதல்லேர்ந்தே அதுக்கு ஒரு நோவும் இல்ல.”

ராஜவேலு எழுந்து உட்கார்ந்தான். “அப்ப மீட்டரு?”

“அதுவும் தங்கம்தான். மூணாவதைக் கழட்டி எங்க வீட்டு மொட்டை மாடில தொங்கவிட்டுத் திரும்பக் கணக்கு வச்சேன். இப்ப கரெக்டா பதினாலே முக்கால் காட்டுது. நீங்க கணக்கு வச்ச காத்துதாண்ணா அழுக்கு, அதையே சுத்தம்னு நம்பி எப்பவும் காத்து ஜாஸ்தின்னு காட்டிடுச்சு. மூணு தடவையும் அழுக்கு.”

“டேய், ஏரிக்காத்துடா!” ராஜவேலு போனைப் பார்த்துக் கத்தினான். “இதவிட சுத்தமான காத்துக்கு எங்கடா போவேன்? பச்சை எரியற வரைக்கும் எவனையும் தொடவே விடலடா!”

சமையலறை வாசலில் கஸ்தூரியம்மாள் வந்து நின்றார். கையில் வெள்ளிக்கிழமைத் தூபக்கால் புகைந்துகொண்டிருந்தது. வழக்கம்போல மாப்பிள்ளையைப் பார்க்காமல் மகளைப் பார்த்துச் சொன்னார்.

“அவரு தொடக்கூடாதுன்னாரு, நான் ஒண்ணையும் தொடலன்னு சொல்லுடி பவித்ரா. மனுசன் ஆசையா வாங்கினதாச்சே, நல்லபடியா ஓடட்டும்னு மூணுக்கும் நான்தான் கிட்டப் புடிச்சு சாம்பிராணி காட்டினேன். மொத ரெண்டும் வெளங்கலன்னு மூணாவதுக்கு மட்டும் ரெண்டு கை அள்ளிப் போட்டேன்.”