முகூர்த்த நாளில் பள்ளிக்கூடம் கிடையாது

பேரன்புக்கும் மரியாதைக்கும் உரிய அக்கா அவர்களுக்கு,

தங்கை சுகாசினி எழுதிக்கொண்டது. காஞ்சிபுரத்தில் நான், அபி, அபியின் அப்பா மணிவண்ணன் மூவரும் வெயிலைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். அம்பத்தூரில் தாங்களும் மாமாவும் தனுஷும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இது பொங்கலுக்கு எழுதியிருக்க வேண்டிய கடிதம். சித்திரை பிறந்த பிறகு எழுதுகிறேன். போனில் பேசலாமே என்பீர்கள். பேசலாம்தான். ஆனால் நீங்கள் ‘அப்புறம்? அப்புறம்?’ என்று கேட்பீர்கள், நான் தக்காளி விலையில் ஆரம்பித்து அம்மாவின் மூட்டுவலிக்குப் போய்விடுவேன், போனை வைக்கும்போது சொல்ல வந்தது வாயிலேயே இருக்கும்.

சொல்ல வந்தது இதுதான். அபியை இந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். உங்கள் தெருமுனைப் பள்ளியில் நாலாம் வகுப்புக்கு ஒரு சீட் கேட்டுச் சொல்லுங்கள். வாரத்தில் ஐந்து நாள் உங்கள் வீட்டில் இருக்கட்டும், சனி ஞாயிறு நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். இவரிடம் சொன்னதற்கு, “அபி அம்பத்தூர் போனா மறுநாள் நீயும் பின்னாலயே பஸ் ஏறிடுவ. ஒரகடம் கம்பெனில ஷிப்ட் முடிச்சுட்டு வந்து நான் யார் வீட்ல சோறு கேக்கறது?” என்கிறார். இவருக்கு எல்லாமே விளையாட்டு.

நடந்ததைக் கேளுங்கள். போன ஜூனில் பள்ளி திறந்த கையோடு ஒரு மழை பெய்ததே, அதில் மூணாம் வகுப்பு மேல்தளத்துப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை, யாருக்கும் ஒன்றுமில்லை. இன்ஜினியர் வந்தார், அண்ணாந்து பார்த்தார், பள்ளிக்கூடத்தையே பூட்டச் சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகளை எங்கே உட்காரவைப்பது என்று எங்கள் எச்.எம். அன்னம்மாள் டீச்சர் வீதி வீதியாய் அலைந்ததில், கல்யாண மண்டபம் வைத்திருக்கும் குமரகுரு ஐயா மனமிரங்கி மண்டபத்தையே கொடுத்துவிட்டார். வாடகை வேண்டாம், ஒரே ஒரு நிபந்தனை: முகூர்த்த நாளில் பள்ளிக்கூடம் கிடையாது.

அன்னிக்கிருந்து எங்க ஸ்கூல் காலண்டர்ல பாதி பஞ்சாங்கம் ஆயிடுச்சுக்கா. ஆடி மாசம் கல்யாணம் இல்லையா, பாடம் பறந்துச்சு. ஆவணி வந்துச்சு, நின்னுச்சு. காலாண்டுப் பரீட்சை புரட்டாசியிலயும் அரையாண்டு மார்கழியிலயும் வந்ததால பரீட்சை மட்டும் ஒழுங்கா நடந்துது, படிச்சுட்டு எழுதினாங்களான்னு கேக்காதே. வாட்ஸப் குரூப்ல ராத்திரி மெசேஜ் வரும்: ‘நாளை வளர்பிறை முகூர்த்தம். பள்ளி இல்லை. வீட்டுப்பாடம்: ஏழாம் வாய்ப்பாடு.’ நான் பி.எஸ்சி. மேத்ஸ் படிச்சவ, பொண்ணுக்கு எப்ப பள்ளிக்கூடம்னு தெரிஞ்சுக்க ராகுகாலம் குளிகை எல்லாம் பாத்துக்கினு உக்காந்திருந்தேன்.

ஒண்ணாம் வகுப்பு மணமகள் அறையில. மூணு பக்கமும் ஆளுயரக் கண்ணாடி. பிள்ளைங்க கரும்பலகையைப் பாக்காம நாளெல்லாம் தன் மூஞ்சியையே பாத்துக்கினு நாக்கைத் துருத்தி, கண்ணை உருட்டி, பெரிய கூத்து. டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுத்தா தலை நாலு மடங்கு வருதாம். அபியோட மூணாம் வகுப்பு மேடை மேல. ராஜா ராணி நாற்காலி ரெண்டுக்கும் நடுவுல கரும்பலகை. டீச்சர் சிவப்பு வெல்வெட்டுல உக்காந்து கழித்தல் கணக்கு சொல்லித் தர்றாங்க. ஆய்வுக்கு வந்த அதிகாரியை இன்னொரு நாற்காலியில உக்கார வெச்சுட்டாங்க. அவருக்குப் பின்னால, முந்தின நாள் ஒட்டின தெர்மகோல் எழுத்து, ‘மணமக்களை வாழ்த்துவோம்’னு. யாரோ போட்டோ எடுத்து குரூப்ல போட்டுட்டாங்க. அந்த டீச்சர் ஒரு வாரம் லீவு.

தை மாசம் நடந்ததைச் சொன்னா நம்பமாட்டே. அன்னிக்கு முகூர்த்தம் இல்ல, சாயந்திரம் ரிசப்ஷன் மட்டும். சமையல்காரங்க காலையிலயே வந்து ஒரு பக்கம் அடுப்பு மூட்டிட்டாங்க. நம்ம பிள்ளைங்க மத்தியானம் தட்டைத் தூக்கிக்கினு சத்துணவுக்கு வரிசையா டைனிங் ஹாலுக்குள்ள வந்தா, சமையல் மாஸ்டர் ‘பொண்ணு வீட்டுப் பசங்கபா, பசியோட வந்திருக்குது’ன்னு இலையைப் போட்டு ஜாங்கிரியில ஆரம்பிச்சு பாயசம் வரைக்கும் பரிமாறிட்டார். ஒரு பிள்ளையாவது ‘நாங்க ஸ்கூலு’ன்னு வாயைத் தொறக்கணுமே! சத்துணவு ரேணுகாம்பாள் தக்காளி சாதமும் முட்டையும் தூக்கிக்கினு வந்து பாத்துட்டு இடுப்புல கைய வெச்சாங்களாம்.

“யோவ், உன்னை யாருய்யா போடச் சொன்னது? இவ்ளோ முட்டை அவிச்சு வெச்சிருக்கறேன், இத யாரு துன்றது? உன் மாப்ளையா?”

மாப்ளையே தின்னாருக்கா! மாப்பிள்ளை வீட்டு பஸ் வாலாஜாவுலருந்து ரெண்டு மணிக்கெல்லாம் வந்து நின்னுச்சு. பசங்க தின்னது போக இலைக்கு வெக்க ஒண்ணுமில்ல. மாஸ்டர் ரேணுகாம்பாள் காலுல விழாத குறை. மாப்பிள்ளை அப்பா இன்னொரு முட்டை கேட்டு வாங்கினாராம். அன்னிக்கு சாயந்திரம் அபி தாம்பூலப் பையோட வீட்டுக்கு வர்றா, உள்ள தேங்கா. ‘ஸ்கூல்ல என்னடி நடந்துது?’ன்னா, ‘சாம்பார்ல முருங்கைக்கா நல்லா இருந்துச்சும்மா’ங்கறா.

அபிய உனக்குத் தெரியும். நீ வந்தாலே கதவுக்குப் பின்னால போய் நிப்பா. பேரைக் கேட்டா என் முந்தானையைப் பாத்து சொல்லுவா. அந்தப் பொண்ணு இப்ப வாசல்ல நின்னுக்கினு கேஸ் சிலிண்டர்காரரை ‘வாங்க வாங்க, சாப்ட்டுட்டுதான் போவணும்’னு கையைப் பிடிச்சு இழுக்குது. மீட்டர் பாக்க வந்த ஆளு உப்புமா தின்னுட்டுப் போனாரு. நேத்து சர்ச்சுலருந்து ஜோசப் பாதர் வந்தப்போ, ‘நீங்க பொண்ணு வீடா மாப்ள வீடா?’ன்னு கேட்டுட்டா. எனக்கு மானம் போச்சு. வகுத்தல் பாதிதான் வந்திருக்குது, ஆங்கிலத்துல ஆறு பாடம் தொடவே இல்ல, நாலாவது போய் இந்தப் பொண்ணு என்ன பண்ணும்னு நினைச்சா எனக்குச் சோறு இறங்கலக்கா.

போன வாரம் லீவு விடறதுக்கு முன்னால பெற்றோர் கூட்டம். ‘கஷ்டமான வருஷம், ஆளுக்கு ரெண்டு வார்த்தை மனசு விட்டுப் பேசுங்க’ன்னாங்க எச்.எம். நான் விட மாட்டேன்னு ரெண்டு பக்கம் எழுதி எடுத்துக்கினு போனேன். முதல்ல இம்ரானோட அம்மா நௌஷீன் கீழ உக்காந்த இடத்துலயே மைக்கைப் பிடிச்சாங்க. ஜாக்கெட் தைக்கறாங்களே, அவங்கதான். “எம்புள்ள முன்னாடி காலையில வயித்துவலின்னு படுத்துக்குவான். இந்த வருஷம் ஒரு நாளும் வயித்துவலி வரல, ஷுக்ரியா டீச்சர்”னு சொல்லி கண்ணைத் துடைச்சிக்கினாங்க. ஆட்டோ ஓட்டற யேசுதாஸ் அண்ணன், “நம்ம ஊர்ல ஏசி ஹால்ல படிச்ச பசங்க நம்ம பசங்கதான்”னாரு. ஒரே கைதட்டு.

அடுத்தது நான். நான் மட்டும் மேடை ஏறினேன். எதிர்ல எச்.எம். வருஷம் பூரா வெயில்ல அலைஞ்சு கறுத்துப் போன மூஞ்சிய வெச்சிக்கினு சிரிக்கறாங்க. இருந்தாலும் தைரியமா, “அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு முக்கியமான முடிவு...”ன்னு ஆரம்பிச்சேன் பாரு, பின்னால இருந்த பிள்ளைங்க என் மேல அட்சதை போட்டுட்டாங்க! கல்யாணத்துக்கு மறுநாள் தரையில கிடக்கற மஞ்சள் அரிசியை ஜியாமெட்ரி பாக்ஸ்ல சேத்து வெச்சிருக்குதுங்க, மேடையில பெரியவங்க நின்னு மைக்கைத் தொட்டா போடணும்னு நினைச்சிக்கினு. அள்ளிப் போட்டதுல அபிதான் முதல். தலை பூரா அரிசியோட என்னத்தை புகார் சொல்றது? ‘நன்றி’ன்னுட்டு இறங்கிட்டேன். எச்.எம். என்னைக் கட்டிப் பிடிச்சிக்கினாங்க.

அங்கே சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். சீட் விஷயத்தைத் தயவுசெய்து இந்த வாரமே கேட்டுவிடுங்கள். மாமாவுக்கு என் வணக்கங்கள், தனுஷுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தங்கள். பெரியவர்களாகிய உங்கள் வாய்வார்த்தையால் என் பெண்ணுக்கு நல்ல படிப்பு அமையட்டும்.

என்றும் உங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட,
சுகாசினி

பி.கு.: சீட் கேட்காதே. கேட்டுட்டிருந்தா, பொண்ணுக்கு அம்மைன்னு சொல்லிடு. இந்தக் கடிதத்தை பையில வெச்சிக்கினு இன்னிக்கு காலையில டிசி வாங்கப் போனேன். எனக்கு முன்னால நௌஷீன் நிக்கறாங்க, மடிச்ச பேப்பரை முந்தானைக்குள்ள வெச்சிக்கினு. ‘நீங்க எங்க இங்க?’ன்னேன். ‘சும்மா. நீங்க?’ன்னாங்க. ‘நானும் சும்மாதான்’னேன். திரும்பிப் பாத்தா இன்னும் மூணு அம்மாங்க, எல்லாரும் சும்மா. எச்.எம். வெளிய வந்து, “டிசி வாங்கறவங்க இந்தப் பக்கம், புதுசா சேக்கறவங்க அந்தப் பக்கம். பிள்ளைங்க தலை குறைஞ்சுதுன்னா ஒரு டீச்சரைத் தூக்கிடுவாங்கம்மா”ன்னாங்க. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தோம். ஒருத்தரும் இந்தப் பக்கம் நிக்கல. அந்தப் பக்கம் போய் நின்னப்புறம் யாரையாவது சேக்கணுமில்ல? என் முறை வந்துச்சு, ‘யாரம்மா சேக்கணும்?’னாங்க, வாயில வந்த பேரைச் சொல்லிட்டேன். அக்கா, தனுஷுக்கு அஞ்சாவதுல சீட் கிடைச்சிடுச்சு. டிசி, ஆதார் நகல், போட்டோ எல்லாம் திங்கட்கிழமைக்குள்ள அனுப்பு. வாரத்துல அஞ்சு நாள் எங்க வீட்லயே இருக்கட்டும், சனி ஞாயிறு நீ வந்து பாத்துக்கோ. மாமாகிட்ட நீயே பக்குவமா சொல்லிடு, இது உன்னோட யோசனைன்னு.