சூளையில் காய்ந்த ஆறு அம்புகள்

எனக்குத் தெரியாத வேலையே உலகத்தில் கிடையாது என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. அப்போது எனக்கு வயது இருபத்து நான்கு. அறிவுக்கு நாலு இருந்தால் அதிகம்.

இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ இருக்கும். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் அச்சில் பொம்மை வார்த்துக்கொண்டிருந்தேன். (யாராவது ‘மாஸ்டர்’ என்று கூப்பிட்டுவிட்டால் அன்று முழுக்கக் கால் தரையில் படாது.) தங்கை செல்வி கல்லூரியில் மூங்கில் வில் பழகினாள். கடலூரில் மாவட்ட அணிக்குத் தேர்வு வைத்தார்கள். ஆறு மர அம்புகளை அவரவரே கொண்டுவர வேண்டும். அவளுக்கு அது கடைசி வருஷம், விட்டால் அவ்வளவுதான்.

“எதிர்க்கடை தச்சர்கிட்ட குடுத்துடலாம்ணே,” என்றாள்.

“நான் இருக்கச்சே தச்சரு எதுக்கு?”

நீளம் இருபத்தேழு அங்குலம் என்று எழுதிக் கொடுத்தாள். நான் பச்சைச் சவுக்கு வாங்கி, அந்தத் தச்சரிடமே இழைப்புளியை இரவல் வாங்கி, ஆறையும் முப்பது அங்குலத்துக்குச் சீவினேன். தச்சர் ஆரோக்கியம் அண்ணன் அளந்து பார்த்தார்.

“மூணு அங்குலம் கூட இருக்குதேடா.”

“காஞ்சா சுருங்கும்ணே. ஒம்போது அங்குலம் வாத்தாதான் எட்டு அங்குலப் பொம்மை வரும். சூளைக் கணக்கு அது.”

“அது மண்ணுடா. மரம் நீட்டுவாக்குல எங்கடா சுருங்கும்?”

“நீங்க சூளையப் பாத்திருக்கீங்களா?”

“சரிங்க மாஸ்டர்,” என்று அவர் எழுந்து போய்விட்டார். நான் அம்புகளைச் சூளையின் மேல்தளத்தில் அடுக்கிவிட்டு வந்தேன்.

ஒரு வாரம் கழித்து அளந்தேன். முப்பது. சூடு பத்தவில்லை என்று இன்னும் இரண்டு நாள் வைத்தேன். அப்போதும் முப்பதுதான், நெளிவு மட்டும் கூடியிருந்தது. மூன்று அங்குலத்தை அறுத்தெறிய ஒரு நிமிஷம் போதும். அறுத்தால் ஆரோக்கியம் அண்ணன் சொன்னது சரி என்று ஆகிவிடுமே. அதனால் சேவல் இறகை ஒட்டி, பேப்பரில் சுற்றி, தேர்வன்று இருவரும் கடலூர் பஸ் ஏறும்போதுதான் செல்வியிடம் கொடுத்தேன். “அங்க போய்ப் பிரி. இறகு கலைஞ்சிடும்.” அவளும் நம்பினாள், பாவம்.

மைதானத்தில் பொறுப்பாளர் ஓர் அம்பை மேசைமேல் உருட்டினார். அது நொண்டிக்கொண்டே போனது.

“யாரும்மா செஞ்சது?”

“எங்க அண்ணன் சார்.” (கடையில் வாங்கியது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.)

“அண்ணன் என்ன பண்றாரு?”

“பொம்மை செய்யறாரு.”

“அதையே செய்யச் சொல்லு.”

முதல் அம்பு பக்கத்துப் பெண்ணின் இலக்கில் போய்க் குத்தியது. இரண்டாவது பாதி வழியிலேயே படுத்துவிட்டது. மூன்றாவதைப் பார்த்து என் பின்னால் ஒருவர், “அம்பு நல்லாத்தான் போவுது. அதுக்கு வேற எங்கியோ ஜோலி இருக்குது போல,” என்றார். ஆறும் போயின. ஒன்றுகூட அவள் இலக்கின் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அணிப் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

திரும்பும்போது பஸ் வடலூரைத் தாண்டியது. செல்வி ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்: “ஏண்ணே, இன்னும் ஒரு மாசம் சூளையில வெச்சிருந்தா தீக்குச்சி ஆயிருக்குமா?”



பிறகு அவளுக்குக் கல்யாணமாகி, பிறந்த மகளுக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் என்று குழந்தையை என் மடியில் உட்கார வைத்தார்கள். பத்தர் ஊசியை எடுத்ததும் செல்வி சபைக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: “கொழந்தைய வுடுங்க, அது அசையாது. எங்க அண்ணன் கைய ரெண்டு பேரு புடிச்சுக்கங்க. உதவி செய்யறேன்னு வந்துடுவாரு.”

நிஜமாகவே இரண்டு பேர் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்போது எடுத்த போட்டோவைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் காது குத்தியது எனக்குத்தான் என்று நினைக்கிறார்கள். செல்வியும் யாரிடமும் இல்லையென்று சொல்வதில்லை.