குருட்டூரார் பார்க்க வந்த வீடுகள்

குருட்டூராருக்குப் பிடித்த மாதிரி ஒரு வீட்டை இந்தப் பூமியில் இதுவரை எவனும் கட்டவில்லை. இனிக் கட்டப்போவதும் இல்லை. நார்வே ராஜாவே அரண்மனைச் சாவியைக் கையில் கொடுத்தாலும், மனிதர் நேரே பால்கனிக்குப் போய், எதிர்ப்பக்கம் எட்டிப் பார்த்து, "ப்ச்" என்பார்.

இரண்டாயிரத்தைந்து வாக்கில் கம்ப்யூட்டர் வேலைக்காக மதுரையிலிருந்து ஒஸ்லோ வந்த நான், என் மனைவி செல்வியோடு ரொம்சோஸ் பகுதியில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் வீட்டில் ஓர் அறையில் குடியிருந்தேன். அந்த வீட்டுக்காரர்தான், "இவர் குருட்டூரார்" என்று அறிமுகப்படுத்தினார். ஊர்ப் பெயரோடு 'ஆர்' சேர்த்து மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள் போல என்று நானாக முடிவுகட்டி, "குருட்டூர் யாழ்ப்பாணத்துக்குப் பக்கமாண்ணே?" என்று கேட்டுத் தொலைத்தேன். வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு மெல்லக் குசினிக்குள், அதாவது சமையலறைக்குள், நழுவினார்.

"இல்லைத் தம்பி, அது பொஸ்பரசிலை இருக்கு."

எங்கள் பக்கம் பாஸ்பரஸ் என்றால் தீப்பெட்டிச் சமாச்சாரம். நான் திருதிருவென்று விழித்தேன். அவ்வளவுதான், மாட்டினேன்.

விஷயம் இதுதான். கருங்கடலிலிருந்து கப்பல் வெளியே வரவேண்டுமென்றால் பொஸ்பரஸ் என்ற ஒடுங்கிய நீரிணை வழியாகத்தான் வரவேண்டும். பழங்காலத்துக் கிரேக்கர்கள் அங்கே குடியேறப் போனார்கள். முதலில் போனவர்கள் ஆசியக் கரையில் கால்சிடோன் என்ற ஊரைக் கட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் எதிர்க்கரையில் பைசாந்தியத்தைக் கட்டினார்கள். துறைமுகம், கோதுமைக் கப்பல்களின் சுங்கம், நீரோட்டம் கொண்டுவந்து தள்ளும் சூரை மீன் எல்லாம் பைசாந்தியத்துக்கே போயிற்று. எதிரே இப்படி ஓர் இடம் இருந்தும் கண்ணில் படாமல் இந்தப் பக்கம் ஊர் கட்டியவர்களைக் குருடர்கள் என்று உலகம் சிரித்தது. கால்சிடோனுக்குக் குருடர் ஊர் என்றே பெயர் வந்துவிட்டது. அந்தக் கதையைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லியே இவருக்குக் குருட்டூரார் என்று பெயர் விழுந்திருக்கிறது.

"முன்னுக்கு இருக்கிறதைப் பாக்காதவன் குருடன். விளங்குதோ?"

விளங்கியது. முதல் ஐந்து நிமிடத்திலேயே விளங்கியது. அதற்குப் பிறகு அவர் இரண்டு மணி நேரம் கதைத்தார்.

அந்தக் கோடையில் செல்வி ஆறு மாதக் கர்ப்பிணி. வீட்டுக்காரரின் மகன் குடும்பத்தோடு திரும்பி வருவதால் அறையைக் காலி செய்யவேண்டும். பிள்ளை பிறப்பதற்குள் சொந்தமாக ஒரு ஃப்ளாட் வாங்கியே ஆகவேண்டிய நிலை. வீட்டுப் பத்திரம், குடியிருப்புச் சங்கத்தின் விதிகள் எல்லாம் நார்வேஜிய மொழியில். குருட்டூராருக்குத் தொழிலே மொழிபெயர்ப்புதான். ஆஸ்பத்திரிகளிலும் அரசு அலுவலகங்களிலும் தமிழர்களுக்காகப் பேசுபவர். வேலையில் ஒரு சொல் கூட்டமாட்டார், குறைக்கமாட்டார் என்று கேள்வி. "நான் வாறன். பாஷை தெரியாமல் வீடு வாங்கினால் உம்மை வித்துப்போடுவாங்கள்" என்று தானாகவே கிளம்பி வந்தார். யார் செய்த பாவமோ, நானும் சரி என்றேன்.

முதல் வீடு ஸ்டோவ்னரில். காலணிக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். நல்ல வெளிச்சம். விற்பனை முகவர் நார்வேஜியனில் ஏதோ சொல்லிக்கொண்டே போனார். "என்னண்ணே சொல்றார்?"

"கூரை புதுசாம். அதை விடும். எதிர் புளொக்கைப் பாரும், வெயில் முழுக்க அங்கை விழுது. இது தனிக் குருட்டூர்!"

சரி, பெரியவர் சொல்கிறாரே என்று மறுவாரம் அதே எதிர் புளொக்கில் ஒரு வீடு விலைக்கு வர, அங்கேயும் போனோம். பால்கனிக்குப் போனார். எட்டிப் பார்த்தார்.

"ப்ச். அங்கை பாரும், அந்தப் பக்கம் எப்பிடிக் காத்தோட்டமா இருக்கு!"

"அண்ணே, போன வாரம் நீங்க வேணாம்னு சொன்ன வீடு அது!"

"அண்டைக்கு நாங்கள் அதுக்குள்ளை நிண்டனாங்கள் தம்பி. உள்ளுக்குள்ளை நிண்டால் எப்பிடித் தெரியும்?"

அந்த மனிதரைப் பால்கனியிலிருந்து அப்படியே தள்ளிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். பார்க்கப் போன வீடெல்லாம் கைநழுவ, செல்விக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. வீட்டுக்காரரின் மகனுக்குக் கட்டில்கூட வந்து இறங்கிவிட்டது.

கடைசியில் எல்லிங்ஸ்ருட். ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். குசினி யன்னலுக்குக் கீழே குழந்தைகள் விளையாடும் இடம். செல்வி அந்த யன்னலோரம் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. "இதாங்க நம்ம வீடு" என்றாள். குருட்டூரார் பால்கனிக்குப் போய்த் திரும்பி வந்தார்.

"எல்லாம் சரி பிள்ளை. ஆனால் எதிர்ப்பக்கம்..."

செல்வி வெடித்துவிட்டாள். "அண்ணே, ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லுங்க. அந்தக் குருட்டு ஊர்ல ஆளுங்க குடும்பம் நடத்தினாங்களா இல்லையா?"

"ஓம்... நடத்தினவை."

"புள்ளகுட்டி பெத்தாங்களா?"

"பெத்திருப்பினம்."

"அந்த ஒசத்தியான ஊருக்காரங்க? அவங்க நிம்மதியா இருந்தாங்களா?"

கேள்வி கிடைத்த சந்தோஷத்தில் உற்சாகமாகத்தான் தொடங்கினார். "எங்கை நிம்மதி! பாரசீகர் வந்து பிடிச்சவை. பிறகு ஸ்பார்ட்டாக்காரர். பிறகு ஏதென்ஸ்காரர் வளைச்சு நிண்டு பட்டினி போட்டவை. மசிடோனியாவிலை இருந்து பிலிப்பு வந்தவர். கடைசியா ரோமச் சக்கரவர்த்தி வருசக்கணக்கா முற்றுகை போட்டு, மதிலையெல்லாம் இடிச்சு..." குரல் தேய்ந்துகொண்டே வந்தது. "நல்ல இடமெண்டால் எல்லாருக்கும் வேணும்தானே."

முகவர் கையில் பேனாவோடு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஊரிலை எங்கடை வீடும் நல்ல இடம்தான் பிள்ளை," என்றார் குருட்டூரார். "கடலைப் பாத்த வீடு. அப்பாவுக்கு அதிலை சரியான பெருமை. ஆமிக்காரருக்கும் அந்த இடம் பிடிச்சுப் போச்சுது. வீடு அவங்கடை முகாமுக்குள்ளை போயிட்டுது. இப்ப வீடு நிக்குதோ இல்லையோ தெரியாது."

செல்வி எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். இத்தனை நாள் இந்த ஆளை மனசுக்குள் திட்டித் தீர்த்தேனே என்று எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் தண்ணீரைக் குடித்து முடித்து, முகவர் பக்கம் திரும்பி நார்வேஜியனில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். முகவர் சிரித்தபடி செல்வியைப் பார்த்துத் தலையாட்டினார்.

"என்னண்ணே சொன்னீங்க?"

"இந்தப் பிள்ளைக்கு வீடு பிடிச்சிருக்கு எண்டனான். வேறை ஒண்டும் சொல்லேல்லை."

நார்வேயில் வீடுகள் ஏலத்தில்தான் விலைபோகும்; மறுநாள் ஏலத்தில் எங்களுக்காகப் போனில் பேசியதும் அவர்தான். எதிரே கேட்டவர்கள் ஒவ்வொருவராக விலக, வீடு எங்களுக்கே அமைந்தது. மகள் பிறந்ததும் அங்கேதான் வந்தாள்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் சாப்பிட வந்துவிடுவார். பால்கனியில் நின்று, எதிர்ப்பக்கத்தைக் காட்டி, கையில் இருக்கும் குழந்தைக்குச் சூரை மீன் எந்தப் பக்கம் போயிற்று என்று விளக்குவார். சோறு ஆறிப்போகும், செல்வி கத்துவாள், எனக்கு எரிச்சலாக வரும். ஏதாவது அலுவல் என்று அவர் வராத ஞாயிறுகளில், அந்த வீடு எங்களுக்கே அவ்வளவாகப் பிடிப்பதில்லை.